இல்லை என்றால் பதினேழுக்குப் போகவும்

கேள்வி கேட்கிறவனுக்கு என்ன, வாய் இருந்தால் போதும், பதில் சொல்கிறவனுக்குத்தான் பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் வினா ஆவண மையத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே கேள்விகளுக்கு மூன்று மாடி. பதில்களுக்கு, வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால், தகரம் போட்ட ஓர் அறை. மழை பெய்தால் பதில்கள் நனையும். கேள்விகள் இருக்கிற மாடியிலோ ஏசி இராப்பகலாக ஓடும். அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வருஷம் பூராவும் மூக்கு ஒழுகும்.

அரசாங்கம் வீடு வீடாக ஆள் அனுப்பி சர்வே எடுக்கிறதே, வீட்டில் எத்தனை பேர், கூரை எப்படி, கழிவறை உண்டா என்று, அந்தப் படிவங்களில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் கணினியில் ஏற்றி வருங்காலத்துக்குப் பத்திரப்படுத்துவதுதான் மையத்தின் வேலை. "பதில் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. கேள்வி நிரந்தரம்" என்று இயக்குநர் தம் கையாலேயே எழுதி, சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார். உண்மைதான். அந்தக் கட்டிடத்தில் கேள்விகள் நிரந்தரம், இயக்குநர் நிரந்தரம், மற்றவர்களில் பாதிப்பேர் ஒப்பந்தம்.

அந்தப் பாதியில் ஒருத்திதான் நம்முடைய பதிவுக்காரி. அவளுக்கு வேறு நல்ல பெயர் உண்டு, ஆனால் மையத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. கேள்விகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அது என்ன பிரமாதம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் கட்டம் கட்டமாக இடம் இருக்கும். கேள்வியின் வாசகம் ஒரு கட்டம். கேட்கப் போகிறவருக்கான குறிப்பு, "சிரிக்காமல் படிக்கவும்" என்பது மாதிரி, ஒரு கட்டம். யாரிடம் கேட்பது ஒரு கட்டம். ஆம் என்றால் எங்கே போவது, இல்லை என்றால் எங்கே போவது என்பதற்கு இன்னொரு கட்டம். ஜனங்கள் சொன்ன பதிலுக்கு மட்டும் கட்டம் கிடையாது.

படிவத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே ஏற்ற வேண்டும். தப்பாக இருந்தால் தப்பாகவே ஏற்ற வேண்டும். இதற்கு எழுத்து மாறாக் கொள்கை என்று பெயர். இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தவர் சரிபார்க்கிறவர். அவருக்குக் கமா சார் என்று பெயர் விழுந்ததே இதனால்தான். வீட்டில் மனைவி மூச்சு விடாமல் திட்டும்போதுகூட, இதில் எங்கெங்கே கமா போட்டிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாராம்.

ஒரு தடவை ஒரு படிவத்தில், "உங்கள் பகுதியில் கொசுத் தொல்லை உண்டா?" என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு கொசு நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அது கேள்வியோடு சேர்ந்ததா, வெளியிலிருந்து வந்து விழுந்ததா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழு பல தடவை கூடி, தேநீர் குடித்து, கடைசியில் சந்தேகத்தின் பலனைக் கொசுவுக்கே கொடுத்தது. இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கணினியில் திறந்தால் முடிவில் "கொசு, ஒன்று" என்று இருக்கும். ஏற்றியவள் பதிவுக்காரிதான். இதையெல்லாம் எதற்கு என்று அவளும் ஆரம்பத்தில் கேட்டாள். கேள்வி கேட்பது நம் வேலையில்லை, கேள்வியைப் பாதுகாப்பதுதான் நம் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

இனி அவள் வீட்டுக் கதைக்கு வருவோம். அவள் தெருவில் வீட்டுக்கு வீடு பளபளவென்று குழாய் உண்டு. திறந்தால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான். சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. விடிந்ததும் விடியாததுமாகத் தெருவே வாளிகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்குக்கு நடக்கும். அவள் கணவன் வெளியூர் லாரி ஓட்டுகிறவன், வீடு தங்குவது அபூர்வம். மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே வந்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆக, தண்ணீர் பாரம் முழுக்க அவள் தோளில். இப்போது வயிற்றில் வேறு ஒரு பாரம். கனம் தூக்காதே, தூக்கினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிள்ளை பிறப்பதற்குள் வீட்டுக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். அவளுக்கு அந்த வருஷம் இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

குடிநீர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தாள். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். கணினியைத் திருப்பி அவளுக்கே காட்டினார். "உங்க தெருவுல நூத்துக்கு நூறு வீட்டுல தண்ணி வருதும்மா. சர்வேல எல்லாரும் ஆமான்னு சொல்லியிருக்காங்க."

வரவில்லையே சார் என்றாள் அவள்.

"உங்களுக்குத் தனிப்பட்ட முறையில வராம இருக்கலாம். புள்ளிவிவரப்படி வருது" என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாளியை ணங்கென்று வைத்தவள், எந்த மகராசன் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தானோ, அவன் வாயில் மண் விழ என்று தெருவுக்கே கேட்கும்படி சபித்தாள். மாமனார் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கவனித்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். விதி யாரை விட்டது? அதே சர்வேயின் படிவம் கொஞ்ச நாளில் அவள் மேஜைக்கே பதிவுக்கு வந்துசேர்ந்தது. ஒன்று, இரண்டு என்று ஏற்றிக்கொண்டே வந்தவள் பதினேழில் நின்றாள். "உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா?" என்று கேள்வி. கீழே பொடி எழுத்தில், "ஆம்: குறித்துக்கொண்டு மேலே போகவும். இல்லை: 17-க்குப் போகவும்."

ஏற்றினாள். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி எழுந்தது. இரண்டாம் கேள்வியிலிருந்தே வந்துகொண்டிருந்த பெட்டிதான், அதுவரை படிக்காமலே ஆம் அழுத்தித் தள்ளியவள் இப்போதுதான் படித்தாள். "இந்தக் கேள்வி தன்னிடமே திரும்பி வருகிறது. இருக்கட்டுமா?" இல்லை என்று அழுத்தினாள். பெட்டி போய்விட்டு அதே பெட்டி வந்தது. மறுபடியும் இல்லை. மறுபடியும் பெட்டி. கை ஓய்ந்துபோய் ஆம் என்று அழுத்தினாள், சமர்த்தாக அடங்கிவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பதினெட்டைப் பார்த்தாள், இல்லை என்றால் பதினெட்டுக்குப் போகவும். பத்தொன்பது, இல்லை என்றால் பத்தொன்பதுக்குப் போகவும். தெரு விளக்கு, சாலை, சாக்கடை, ரேஷன், ஆஸ்பத்திரி, கடைசிக் கேள்வியான "மொத்தத்தில் திருப்தியாக இருக்கிறீர்களா?" வரைக்கும் இதே கூத்து. சுத்திச் சுத்திச் சுப்பன் கொல்லை. இல்லை என்று சொன்னவன் அந்தக் கேள்வியை விட்டு வெளியே வரவே வழி கிடையாது.

கமா சாரிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கமாக்கள் சரியாக இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகுதான் பெருமூச்சோடு விஷயத்தைச் சொன்னார். இந்தச் சர்வேக்குப் படிவம் எழுதியதும் அறிக்கை போட்டதும் மையமேதானாம், முதலில் எழுதிய படிவம் சரியாகத்தான் இருந்ததாம். இல்லை என்கிறவர்கள் ஏன் இல்லை, எத்தனை நாளாக இல்லை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள் அல்லவா, அதனால் இல்லை வந்த மாத்திரத்தில் அடுத்த கேள்விக்குத் தாவச் சொல்லி ஓர் எண் போட்டிருந்தார்கள். தண்ணீர்க் கேள்வி அப்போது பதினாறு. இல்லை என்றால் பதினேழுக்குப் போ. அச்சுக்குப் போகிற அன்றைக்குக் காலையில் இயக்குநர் முன்னால் ஒரு புதுக் கேள்வியைச் சொருகினார். "வினா ஆவண மையத்தின் அரும்பணியை நீங்கள் அறிவீர்களா?" கேள்விகளின் எண்ணெல்லாம் தானாக ஒன்று ஏறிக்கொண்டது. எங்கே போவது என்று கையால் அடித்த எண்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

அந்த முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று அவள் கேட்டாள். கமா சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். எங்கே போவது என்று எண் போடாத கேள்வி அது ஒன்றுதான். ஆகவே ஜனங்கள் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடிந்த கேள்வியும் அது ஒன்றுதான். ஊரே ஒற்றுமையாக இல்லை என்று சொல்லியிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாமனாரிடம் இதைச் சொன்னதும் மனிதர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சர்வேக்கு வந்தது ஒரு சின்னப் பெண்ணாம், வெயிலில் அலைந்து முகமெல்லாம் கறுத்து, செருப்பு வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தாளாம். தண்ணீர் வருகிறதா என்றாள், இல்லை என்றார். மறுபடியும் அதையே படித்தாள். காது கேட்காதோ என்று உரக்கச் சொன்னார். மறுபடியும் படித்தாள். இப்படியே பொழுது சாயும்வரைக்கும் போய்க் கடைசியில் அந்தப் பெண் அழுதுவிட்டாளாம். ஐயா, நீங்கள் ஆமாம் என்றால்தான் நான் அடுத்த கேள்விக்குப் போகமுடியும், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று. பெண் அழுதால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? ஆமாம் என்றுவிட்டார். தெரு முழுக்க அவளுக்காக ஆமாம் சொல்லியிருந்தது.

"நான் சொன்ன ஒரு ஆமாவுக்கு நீ தெனமும் வாளி தூக்குற. உன் முகத்துல முழிக்கவே எனக்குக் கூசுது" என்றார் மாமனார். கோபத்தோடு வந்தவளுக்கு அவரைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. உங்க மேல தப்பில்ல மாமா என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே தப்பு யார்மேல் இருந்ததோ அவரிடம் மறுநாள் போனாள்.

இயக்குநர் அவளை உட்காரச் சொல்லவில்லையே தவிர, மற்றபடி மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து, மேடையில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டார்.

"தப்பு இருக்குதுன்னு ஒத்துக்கறேன். அதுக்காகத் திருத்திட முடியுமா? தப்பைத் திருத்திட்டா, நாளைக்கு ஆராய்ச்சி பண்றவன் நாம தப்பே பண்ணலன்னு நெனச்சுடுவான். அது வரலாற்றுக்குப் பண்ற துரோகம். இன்னொண்ணு யோசிச்சுப் பாரு. ஒரு நாட்டுலயாவது எல்லாக் கேள்விக்கும் நூத்துக்கு நூறு ஆமான்னு வந்திருக்கா? நம்ம படிவத்துக்குத்தான் வந்திருக்கு. ஜனங்க கிட்ட இவ்வளவு ஒற்றுமையை வேற யாரு கொண்டுவந்தா?"

முதல் கேள்விக்கு வந்த பதிலைப் பற்றி அவள் மெதுவாக இழுத்தாள். அது மக்களின் அறியாமை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார் அவர். மறுபடி சர்வே எடுக்கலாமே என்றாள். தாராளமாக எடுக்கலாம், ஆனால் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதனால் இதே கேள்விகளைத்தான் இதே மாதிரி கேட்க வேண்டியிருக்கும் என்றார். கல்லில் நார் உரிக்கலாம், இந்த மனிதரிடம் ஒன்றும் ஆகாது என்று அவள் திரும்பிவிட்டாள். அதற்குள் அவரே கூப்பிட்டார்.

விஷயம் இதுதான். உலகத் தரச் சான்று கொடுக்கிற வாரியத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். எழுத்து மாறாக் கொள்கை வெறும் காகிதத்தில்தானா, நடப்பிலும் உண்டா என்று அவர்கள் நேரில் பார்க்க வேண்டுமாம். ஒரு வீட்டில் பேட்டி எடுத்துக் காட்ட வேண்டும். அந்தப் பேட்டியை இயக்குநரே எடுக்கப்போகிறார். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய் எவனாவது ஏடாகூடமாக எதையாவது சொல்லிவைத்தால் என்ன ஆவது? மையத்தின் சொந்த ஊழியர் வீடு என்றால் கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று ஆமாம் வரும். "வீட்டுல சொல்லி வை. நல்லபடியா முடிஞ்சா உன் ஒப்பந்தத்தைப் பத்தியும் பேசிடலாம்" என்றார். ஓணானைத் தானே பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவளும் வீட்டில் சொல்லிவைத்தாள். வாரியம் வருகிற அன்றைக்குக் காலையில் மாமனாருக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, இந்தத் தடவை பாவம் பாக்காதீங்க."

மதியம் சாப்பாட்டுக்கப்புறம் வண்டி வந்து நின்றது. இயக்குநர் கோட்டு போட்டிருந்தார். வாரியத் தலைவி, ஒடிசலான ஓர் அம்மாள், எதற்கும் "ம்" என்பதைத் தவிர வேறு சொல்லாதவர், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற இருவர் கட்டிலில். கமா சார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் எழுதத் தயாரானார். கூடத்தில் இடம் இல்லாததால் தெருக்காரர்கள் ஜன்னலில் தொங்கினார்கள்.

ஆரம்பிக்குமுன் இயக்குநர் தாமே எழுதிய கையேட்டின் விதிகளைக் கம்பீரமாகப் படித்தார். கேட்பவர் சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது. படிவம் காட்டுகிற இடத்துக்கு மட்டுமே போக வேண்டும். கேட்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. பேட்டியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்கக்கூடாது. தலைவி "ம்" என்றார். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது போலிருக்கிறது.

முதல் கேள்விக்கு மாமனார், தெரியாமல் என்ன, என் மருமகள் அங்கேதானே வேலை பார்க்கிறாள் என்றார். இயக்குநர் பூரித்துப்போனார். கூரை உண்டா, உண்டு. கதவு உண்டா, உண்டு. கதவு திறக்குமா, திறக்கும். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு பதினாறு வரை போயிற்று.

"உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா?"

"இல்லீங்க" என்றார் மாமனார்.

இயக்குநர் பதிவுக்காரியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். இயக்குநரின் கண் படிவத்தின் பொடி எழுத்துக்கு இறங்கிற்று, அங்கேயே நின்றது. அந்த ஓர் எண்ணைப் பற்றி மேடைப்பேச்சே பேசியவர் அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா?"

"இல்லீங்க."

தொனிகூட மாறவில்லை, பிரமாதம் என்று வாரியத்து ஆட்களில் ஒருவர் இன்னொருவர் காதில் சொன்னார். அந்தப் பாராட்டுத்தான் இயக்குநருக்கு எமனாக வந்தது. இனி அவர் விட்டுவிட்டு ஓடவும் முடியாது, கேள்வியை மாற்றவும் முடியாது. மறுபடி கேட்டார். மறுபடி இல்லை. புருவத்தை உயர்த்திக் கேட்டார், கண்ணால் கெஞ்சிக் கேட்டார். கண் சிமிட்டிக் கேட்டபோது கமா சார் "இடது கண், சிமிட்டல், ஒன்று" என்று எழுதிக்கொண்டார். கொசுவுக்குக் கொடுத்த மரியாதையை இயக்குநருக்குக் கொடுக்காமல் விடுவாரா?

வெயில் ஜன்னலைக் கடந்து சுவரில் ஏறியது. கோட்டுக்குள் இயக்குநர் வெந்துகொண்டிருந்தார். உதடு ஒட்டிக்கொண்டது. "தண்ணீர்" என்ற சொல்லை வாயால் சொல்லிச் சொல்லியே மனிதருக்குத் தாகம் முற்றிவிட்டது. மூலையில், காலையில் அவள் பெட்ரோல் பங்கிலிருந்து தூக்கிவந்த வாளி மூடியிருந்தது. அவர் அதையே பார்த்தார். விதி மூன்று என்றார் கமா சார், தலை நிமிராமல்.

மாமனாருக்கோ களைப்பே இல்லை. முப்பது வருஷம் "டிக்கெட், டிக்கெட்" என்ற ஒரே கேள்வியை, காதில் விழாத மாதிரி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கியவர் அவர். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை. காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரி மரியாதையோடு இல்லீங்க என்றார். ஜன்னலில் இருந்தவர்களும் போகப்போகக் கூடவே இல்லீங்க என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் இயக்குநர் கரகரத்த குரலில், கேட்பவர் போன் பேசக்கூடாது என்று விதி இருக்கிறதா என்று கமா சாரைக் கேட்டார். கமா சார் யோசித்துப் பார்த்து, அப்படி ஒரு வரி இல்லை என்றார். தலைவி "ம்" என்றார். பெரிய மனிதர்களோடு பேசுவது நாலு பேருக்குக் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது இயக்குநரின் வழக்கம். பழக்க தோஷம், அன்றைக்கும் அப்படியே போட்டார். குடிநீர் அலுவலகத்துப் பெரிய அதிகாரி எடுத்தார். இந்தத் தெருவுக்கு உடனே வால்வைத் திறந்துவிடுங்கள் என்றார் இவர்.

"எப்படி சார் தெறக்கறது? உங்க அறிக்கைப்படி அங்க நூறு சதவீதம் தண்ணி வருது. நூறுக்கு மேல விடறதுக்கு எங்ககிட்ட விதி இல்லையே" என்றது போன்.

"யோவ், அந்த அறிக்கை சுத்தப் பொய்யி! ஒரு வீட்டுலயும் ஒரு சொட்டு வரல. இல்லன்னு சொன்னவனையெல்லாம் உக்கார வெச்சு ஆமா சொல்ல வெச்சிருக்கோம். எல்லாம் நான் பண்ண கூத்துதான். தெறந்து தொலை!"

கமா சாரின் பேனா ஓடியது. "கூத்துதான்" என்பதற்கப்புறம் முற்றுப்புள்ளியா கமாவா என்று ஒரு கணம் தயங்கி, முற்றுப்புள்ளியே வைத்தார். வாரியத் தலைவி முதல்முறையாக "ம்" சொல்லாமல் எதையோ குறித்துக்கொண்டார்.

சற்றுப் பொறுத்துச் சமையலறைக் குழாய் பெருமூச்சு விட்டது. அப்புறம் இருமியது. அப்புறம் கனைத்து, காறி, தடதடவென்று கொட்ட ஆரம்பித்தது. ஜன்னலில் தொங்கியவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். தெரு முழுக்க வாளி உருளுகிற சத்தம். பதிவுக்காரி குழாயடியில் போய்க் கையை நீட்டினாள். விரல் இடுக்கில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வயிற்றில் ஈரக்கையை வைத்துக்கொண்டாள்.

"உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டார் இயக்குநர், அழுகிற குரலில்.

மாமனார் எழுந்து, சமையலறை வரை நொண்டிக்கொண்டே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஆமாங்க, வருது" என்றார்.

இயக்குநர் குறித்துக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கரையேறிவிட்ட நிம்மதியில் அடுத்ததைப் படித்தார். "அந்தத் தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறதா?"

மருமகள் ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டுவந்து மாமனார் கையில் கொடுத்தாள். வருஷக்கணக்காகக் குழாயில் கிடந்த துரு எல்லாம் கரைந்து, செங்கல் நிறத்தில் இருந்தது தண்ணீர். மாமனார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இயக்குநர் படிவத்தின் பொடி எழுத்தைப் பார்த்தார். அதற்கும் கீழே தெரு விளக்கு இருந்தது, சாலை இருந்தது, சாக்கடை இருந்தது, பக்கம் பக்கமாக இன்னும் என்னென்னவோ இருந்தது. விஷயம் புரிந்த தெருக்காரர்கள், வாளியை நிரப்பி வைத்துவிட்டு அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"இல்லீங்க" என்றார் மாமனார். பிறகு இயக்குநரின் முகத்தைப் பார்த்துப் பரிவோடு சேர்த்துக்கொண்டார். "அவசரமே இல்ல சார், நிதானமா கேளுங்க. நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றவன்."